இடமிருந்து இரண்டாவது

இதழியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் ஓர் உள்ளூர் நாளிதழில் பயிற்சிப் புகைப்படக்காரராகச் சேர்ந்தேன். வெள்ளம், தேர்தல், போராட்டம் என்று ஓடிக்கொண்டே இருப்போம் என்று நினைத்திருந்தேன். முதல் மாதம் என் பங்குக்கு வந்தவை ஒரு நூலகத் திறப்பு, இரண்டு பரிசளிப்பு விழா, பள்ளிகளின் அறிவியல் கண்காட்சி, ஒரு குழாய் உடைப்பு, உள்ளரங்கக் கைப்பந்துப் போட்டி. இவற்றில் எதுவுமே சின்ன வேலை இல்லை என்பது புரிய எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

கைப்பந்துப் போட்டியில் ஷட்டர், அதாவது கேமராவுக்குள் ஒளியை விடும் திரை, 1/1000 நொடி மட்டும் திறக்கும்படி வைத்துச் சுட்டுத் தள்ளினேன். வேகமான விளையாட்டுக்கு அதுதான் சரி என்று வகுப்பில் படித்திருந்தேன். கணினியில் போட்டுப் பார்த்தால் பாதிப் படங்களில் குறுக்கே கறுப்புப் பட்டை விழுந்திருந்தது. ஒன்றில் முகம் வெளிச்சம், கால் இருட்டு, அடுத்ததில் தலைகீழ். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எழுகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு அவ்வளவு வேகமான ஷட்டரில் சிக்கிக்கொள்ளும். புதிய கேமராக்களில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு, என்னிடம் இருந்தது பழையது. அலுவலகத்தில் இருந்த மூத்த படக்காரர் அண்ணன் சொன்னார்: "1/100க்கு இறங்கிடும்மா. அப்ப அசையிற ஆளு படத்துல கலங்கலா விழுவாங்க. அதனால அவங்க எகிறும்போது எடுக்காதே, எகிறி முடிச்சு நிக்கிற எடத்துல எடு."

குதிக்கிற எவரும் உச்சிக்குப் போனதும் கீழே திரும்புவதற்கு முன் ஒரு கணம் நின்ற மாதிரி இருப்பார்கள். அந்தக் கணத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்த பிறகுதான் ஆட்டத்தையே ஒழுங்காகப் பார்த்தேன். யார் குதிக்கப் போகிறார், யார் ஏமாற்றப் போகிறார் என்பது தோளைப் பார்த்தாலே தெரியும். அன்றைக்குத் தேறிய ஒரே படத்தில் கை கலங்கியிருந்தது, முகம் கூர்மையாக இருந்தது. அதைத்தான் அச்சிட்டார்கள்.

பரிசளிப்பு விழாவுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போகப் பழகினேன். மேடையில் கோப்பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கும் படம் எப்படியும் கிடைத்துவிடும். அதை எடுத்தே ஆக வேண்டும், குடும்பத்தார் அதைத்தான் தேடுவார்கள். ஆனால் நல்ல படம் பெரும்பாலும் மேடையின் படியில் இருக்கிறது. பரிசை வாங்கிக்கொண்டு இறங்கும் பிள்ளை, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து அதைப் பிரித்துப் பார்க்கும் இடம் அது.

ஒரு மேடைப் படத்தில் பேச்சாளரின் தலைக்குப் பின்னால் மைக் கம்பி ஒன்று கொம்பு மாதிரி நின்றது. மென்பொருளில் அழித்துவிடலாமா என்று கேட்டேன். படப்பிரிவு ஆசிரியர் கூடாது என்று ஒரே வார்த்தையில் முடித்தார். 2003இல் ஈராக் போரின்போது எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக இணைத்து அனுப்பிய படக்காரரை ஓர் அமெரிக்க நாளிதழ் வேலையை விட்டே நீக்கியது. கம்பி பிடிக்கவில்லை என்றால் எடுக்கும்போதே இரண்டடி நகர்ந்திருக்க வேண்டும்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய இரண்டு மாணவிகளை அவர்கள் செய்த மாதிரியோடு நிற்க வைத்து எடுத்தேன். வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்தது, இருவரும் இயல்பாகச் சிரித்தார்கள். அவசரத்தில் பெயர்களை அமைப்பாளர் கொடுத்த பட்டியலிலிருந்து எழுதிக்கொண்டேன். பட்டியலில் முதலில் இருந்த பெயரை இடப்பக்கம் நின்றவளுக்குக் கொடுத்தேன். மறுநாள் காலை அலுவலகத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்கள்.

"போட்டோ எடுத்தது நீங்களாம்மா?"

"ஆமாங்க."

"எம் பொண்ணு போட்டோவுக்கு வேற பேரு போட்டிருக்கீங்க. ரெண்டு பேரையும் மாத்திட்டீங்க."

அந்த அம்மா கோபப்படவில்லை. வெட்டி ஒட்டுவதற்காக நாலு பிரதி வாங்கியதாகவும், மகள் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பள்ளிக்குப் போய்விட்டதாகவும் சொன்னார். அந்த ஒன்றும் பேசாமல் போனதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. ஆசிரியர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அந்தப் புள்ளைங்ககிட்டயே கேட்டியா, லிஸ்டப் பார்த்து எழுதினியா?"

திருத்தம் அடுத்த நாள் இரண்டு வரியில், படம் இல்லாமல் வந்தது. வேலை அதோடு முடியவில்லை. படக்குறிப்பு டிஜிட்டல் கோப்புக்குள்ளேயே பதிந்து படம் போகும் இடமெல்லாம் கூடப் போகிறது. காப்பகத்திலிருந்த கோப்பைத் திறந்து நானே மாற்றினேன். மாற்றாமல் விட்டிருந்தால் பத்து வருஷம் கழித்து எடுப்பவரும் அதே தவறைத்தான் அச்சிட்டிருப்பார்.

அந்த வாரம்தான் அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லாங்கே எடுத்த புகழ்பெற்ற படத்தின் கதையைத் தேடிப் படித்தேன். 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்த தொழிலாளர்கள் தங்கியிருந்த முகாமில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு தாய். அமெரிக்கப் பொருளாதார வீழ்ச்சி என்றாலே அந்த முகம்தான் நினைவுக்கு வரும். அவருடைய பெயரைத் தான் கேட்கவில்லை என்று லாங்கேயே 1960இல் எழுதியிருக்கிறார். வயது 32 என்பது மட்டும் குறிப்பில் இருந்தது. அவர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அதற்குள் 42 ஆண்டுகள் ஓடிவிட்டன, லாங்கே 1965லேயே இறந்துவிட்டார். சாப்பாட்டுக்காகக் கார் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று லாங்கே எழுதியதையும் அந்தக் குடும்பத்தார் மறுத்தார்கள். லாங்கே மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, அந்தப் படத்தின் முன்னால் நான் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அந்தத் தாயை நினைத்தால் மனம் கனக்கிறது. அத்தனை ஆண்டுகள் உலகமே அவர் முகத்தைப் பார்த்திருக்கிறது, பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நோட்டும் பேனாவும் இல்லாமல் நான் கேமராவைத் தூக்குவதில்லை. ஹரிணியா ஹரினியா என்பதை அந்தப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். அதனால் நோட்டை அவர்கள் கையிலேயே கொடுத்து எழுதச் சொல்கிறேன். எழுதிய பக்கத்தை அடுத்த ஃப்ரேமாக எடுத்துக்கொள்கிறேன், படமும் பெயரும் பிரியாது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. குனிந்து எழுதும்போது மனிதர்கள் கேமராவை மறந்துவிடுகிறார்கள். நிமிரும்போது இருக்கும் முகம், நிற்க வைத்து எடுக்கும் முகத்தைவிட எப்போதும் நன்றாக இருக்கிறது.

பயிற்சி முடியும் வாரத்தில் அந்தக் கண்காட்சிப் படத்தை இரண்டு பிரதி எடுத்து, பின்பக்கத்தில் பெயர்களை இடமிருந்து வலமாக என் கையால் எழுதி, பள்ளிக்கே கொண்டுபோனேன். வகுப்புக்கு வெளியே இருவரும் வந்தார்கள். இரண்டாவதாக நின்றவள், அதாவது தொலைபேசியில் பேசிய அம்மாவின் மகள், வாங்கியதும் பின்பக்கத்தைத்தான் முதலில் திருப்பினாள். விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். அப்புறம்தான் படத்தைப் பார்த்தாள்.