பழைய லேலண்ட் பஸ்ஸுக்குப் புதுத் தகடு: றிவெற் தெரிவு

ஓகஸ்ட் 4

இடது பக்க அலுமினியத் தகடுகளைக் கழற்ற முன், அவற்றை இரும்புச் சட்டத்தோடு பிடிக்கும் றிவெற் (தறையாணி) வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். அதுவரை வண்டியைக் கழுவக் கூடாது. நோயைச் சொல்வதே அந்த அழுக்குத்தான். தலையிலிருந்து கறுப்புக் கோடு இறங்கியிருந்தால் றிவெற் தளர்ந்து ஓட்டத்தில் அசைகிறது. அலுமினியம் உரசி வந்த தூள் அது. மண்ணிறக் கோடு என்றால் உள்ளே இரும்பு கறள் பிடிக்கிறது. ஒன்றில் பில்லர் (தகட்டைத் தாங்கும் நிலைச் சட்டம்), இல்லாவிட்டால் பிந்திய காலத்தில் அடித்த பொப் றிவெற்றின் (வெளியிலிருந்தே ஆணியை இழுத்து இறுக்கும் குழல் றிவெற்) ஆணி. தலையைச் சுற்றிப் பெயின்ற் கொப்பளித்து வெள்ளைத் தூள் தெரிந்தால் அலுமினியமே அரிபடுகிறது.

யாழ்ப்பாணத்தில் கடல்நீரின் மேல் போகும் பண்ணைத் தாம்போதியாலும் பொன்னாலைப் பாலத்தாலும் ஓடின வண்டியில் இந்த மூன்றையும் ஒரே பக்கத்தில் காணலாம். எந்த இடத்தில் எது என்று சோக்கால் குறித்துவிட்டால், எங்கே றிவெற் மட்டும் மாற்றுவது, எங்கே பில்லரையும் வெட்டி ஒட்டுவது என்பது அப்போதே தெரிந்துவிடும்.

ஓகஸ்ட் 6

பழைய றிவெற் எடுப்பது. தலையின் நடுவில் சென்ரர் பஞ்ச்சால் ஒரு குத்து. பிறகு தண்டின் அளவுள்ள ட்றில்லைத் தலையின் கனத்துக்கு மட்டும் இறக்க வேண்டும். கூட இறக்கினால் ட்றில் சாய்ந்து பில்லரின் துளை முட்டை வடிவாகிவிடும். தலையைச் சிசலால் தட்டி எடுத்து, தண்டைப் பஞ்ச்சால் உள்ளே தள்ளலாம். பொப் றிவெற் என்றால் முதலில் ஆணியின் துண்டைத் தட்டி வெளியேற்ற வேண்டும். அது இரும்பு, ட்றில்லின் வாய் அதில் வழுக்கி அலுமினியத்துக்குள் ஓடும்.

இங்கிலாந்துக் கட்டுமானம் என்பதால் துளைகள் அங்குலக் கணக்கு: ஒரு நூல் (1/8), ஒன்றேகால் நூல் (5/32), ஒன்றரை நூல் (3/16). இன்று கிடைக்கிற 3.2, 4.0, 4.8 மி.மீ. றிவெற்றுகள் அவற்றுக்குச் சரியாகப் பொருந்தும். துளை பெருத்திருந்தால் ஒரு அளவு மேலே போகலாம். அதற்கும் மேல் போகாமல் வெல்ட் வைத்து அடைத்துப் புதிதாகத் துளைப்பதே முறை.

ஓகஸ்ட் 9

றிவெற் தெரிவில் முதற் கேள்வி பலம் அல்ல. பின்பக்கம் கை போகுமா என்பதுதான்.

உட்தகடு கழற்றியிருக்கும் பக்கச் சுவரிலும் கீழ்ப் பாவாடைத் தகட்டிலும் கை போகும். அங்கே திண்ம அலுமினிய றிவெற்றுக்கு ஈடு இல்லை. அடிக்கும்போது தண்டு தடித்துத் துளையை முழுதாக நிரப்புகிறது. அசையவும் இடமில்லை, தண்ணீர் நுழையவும் இடமில்லை. வெளியே ஒருவர் கன் (அடிக்கும் காற்றுச் சுத்தியல்), உள்ளே ஒருவர் டொலி (தண்டின் நுனிக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புக் கட்டி). இருவர் கையும் ஒத்துப் போக வேண்டிய வேலை.

மூடிய பெட்டிப் பில்லரிலும் கூரை வளைவிலும் கை போகாது. பொப் றிவெற்தான் வழி. ஹாட்வெயார் கடையில் கேட்டவுடன் தருவது அலுமினிய உடலும் இரும்பு ஆணியும் உள்ள, பின்பக்கம் திறந்த வகை. இழுத்து முறித்த பிறகு இரும்புத் துண்டு குழலுக்குள் தங்கி, உப்பு ஈரத்தை வாங்கிக் கறள் கட்டி, புதுப் பெயின்ற்றில் கோடு இழுக்கும். ஆகவே கடைக்குக் காந்தம் ஒன்றைக் கொண்டு போங்கள். ஆணியில் ஒட்டினால் இரும்பு. வேண்டியது உடலும் ஆணியும் அலுமினியமான, பின்பக்கம் மூடிய வகை. அதற்கு இழுவைப் பலம் குறைவு. 4.0 போதும் என்ற இடத்தில் 4.8 போடலாம், அல்லது இடைவெளியை நெருக்கலாம். கூரையின் மெல்லிய தகட்டுக்குப் பின்னால் மூன்று இதழாக விரியும் வகை இன்னும் நல்லது. பாரம் பரந்து விழுவதால் தகடு கிழியாது.

துருப்பிடிக்காத எஃகு றிவெற் பலமானது, ஆனால் உப்புக் காற்றில் அலுமினியத் தகட்டோடு சேராது. தன்னைக் காத்துக்கொண்டு துளையைச் சுற்றியுள்ள அலுமினியத்தை அரிக்கவிடும். மொனல் (நிக்கல்-செம்புக் கலப்பு) றிவெற்றுக்கும் அதே குணம். இரும்பில் இரும்பைப் பிடிக்கிற இடங்களுக்கு அவற்றை வைத்துக்கொள்ளலாம்.

ஓகஸ்ட் 10

நீளக் கணக்கு. தகடு 16 கேஜ், 1.6 மி.மீ. பில்லர் 14 கேஜ், 2 மி.மீ. நடுவில் பசைப் படை அரை மி.மீ. மொத்தம் 4.1. திண்ம றிவெற்றுக்கு இதோடு தண்டு விட்டத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்ட வேண்டும்: 4.8 றிவெற் என்றால் 7.2, ஆக 11.3 மி.மீ. அடித்த பின் பின்தலை சுமார் 7 மி.மீ. அகலமும் 2.4 உயரமும் வந்தால் சரி. நீளம் கூடினால் தண்டு மடங்கிப் படுக்கும், குறைந்தால் தலை உருவாகாது. பொப் றிவெற்றுக்குப் பெட்டியில் எழுதிய பிடிப்பு எல்லையின் (அது பிடிக்கக்கூடிய மொத்தக் கனம்) நடுவில் 4.1 விழ வேண்டும். எல்லையின் நுனியை நம்ப வேண்டாம்.

துளையின் நடுவிலிருந்து தகட்டு விளிம்புக்கு விட்டத்தின் இரு மடங்காவது இருக்க வேண்டும். 4.8 என்றால் 10 மி.மீ.

ஓகஸ்ட் 14

இரும்பையும் அலுமினியத்தையும் பிரித்து வைக்கும் வேலை. பலர் அலுமினியத்தின் பின்புறத்துக்கு மட்டும் பிறைமர் அடித்துவிட்டு பில்லரை அப்படியே விடுகிறார்கள். அது வெறுமனே விடுவதிலும் கேடு. அலுமினியப் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால், முழு இரும்புப் பரப்பின் அரிப்பும் அந்தக் கீறலில் வந்து குவியும். பில்லரை வெள்ளை இரும்பு தெரியத் தேய்த்து எபொக்சி பிறைமர் இரண்டு பூச்சு. துளையின் உள்விளிம்புக்கும் சின்னத் தூரிகையால். அதன்மேல் பொலியூரெத்தேன் பசை. ஒவ்வொரு றிவெற்றையும் பசையில் தோய்த்து ஈரத்தோடே அடிக்க வேண்டும்.

தகட்டையும் பில்லரையும் சேர்த்துத் துளைத்தால் கட்டாயம் மறுபடி பிரித்துப் பிசிறு எடுக்க வேண்டும். நடுவில் தங்கிய சுருள் தகடுகளை விலக்கி நிறுத்தும். அந்த இடைவெளியில் றிவெற் வீங்கி நிரந்தரமாகத் தளர்ந்திருக்கும்.

ஓகஸ்ட் 17

தகடு ஏற்றும் நேரம் மத்தியானம் சார்ந்து. அலுமினியம் வெயிலில் இரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு நீளும். 2.4 மீற்றர்த் தகடு 30 பாகை சூடேறினால் சட்டத்தைவிட முக்கால் மி.மீ. கூட நீளும். காலைக் குளிரில் இறுக்கினால் மத்தியான வெயிலில் பில்லர்களுக்கு நடுவே புடைத்து, ஓட்டத்தில் டப் டப் என்று அடிக்கும். சூட்டில் பிடித்தால் ஆறும்போது தானே இழுபட்டு நிற்கும். நடுப் பில்லரில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறிப் போக வேண்டும். ஒரு மூலையிலிருந்து வரிசையாக அடித்தால் மிச்சச் சுருக்கம் முழுவதும் மறு மூலையில் சேரும்.

ஓகஸ்ட் 23

கூரை. முன்தகடு பின்தகட்டின் மேல் ஏற வேண்டும், மேற்தகடு கீழ்த்தகட்டின் மேல். மாரிக்கு முன் தண்ணீர்ச் சோதனை: கீழிருந்து மேலாகக் குழாய் பிடித்தால் எந்தப் பொருத்து ஒழுகுகிறது என்று பிரித்தறியலாம். மேலிருந்து ஊற்றினால் எல்லாம் ஒன்றாக நனைந்து இடம் பிடிபடாது. காய்ந்த பிறகே உட்தகடு மூடலாம். பக்கத் தகட்டின் கீழ் விளிம்புக்குப் பசை பூச வேண்டாம். இரண்டு பில்லருக்கு இடையே 6 மி.மீ. துளை ஒன்று, உள்ளே கட்டும் ஈரம் வடிய.