காரணம் அச்சாகாத நோட்டீஸ்கள்

16 மார்ச் 2024, சனி

மக்களவைத் தேர்தல் தேதிகளை இன்று பிற்பகல் அறிவித்துவிட்டார்கள். தமிழ்நாடு முழுவதற்கும் முதல் கட்டத்திலேயே, ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு. எண்ணிக்கை ஜூன் 4. பேத்திக்கு இதுதான் முதல் வாக்கு. யாருக்குப் போடலாம் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவளோ, "தாத்தா, எந்தக் கட்சிக்கு எது கொள்கை என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியாமல், பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியை இறக்கித் தரச் சொன்னேன்.

1974இல், 18 வயதில், திருவல்லிக்கேணியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்க, அதாவது அச்சுப்பிழை திருத்தச் சேர்ந்தவன் நான். எல்லாக் கட்சிகளின் நோட்டீஸ்களும் அங்கே அச்சாயின. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவின்படி ஒவ்வொரு தேர்தல் துண்டறிக்கையிலும் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்க வேண்டும். வெளியிடுபவரிடம் உறுதிமொழி வாங்கி, அச்சிட்ட பிரதியோடு சேர்த்துத் தேர்தல் அதிகாரிக்கு அனுப்பவும் வேண்டும். அந்த வேலை என் பொறுப்பில் இருந்ததால், ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை எனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்தது.

20 மார்ச், புதன்

பாட்டாளி மக்கள் கட்சி நேற்று பாரதிய ஜனதாவோடு கையெழுத்திட்டது. தேமுதிக இன்று அதிமுகவோடு. மக்கள் நீதி மய்யம் இம்மாதத் தொடக்கத்திலேயே திமுக அணிக்குப் போய்விட்டது. அதிமுக பாரதிய ஜனதாவைப் பிரிந்து வந்து ஆறு மாதந்தான் ஆகிறது.

தேநீர்க் கடையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது, எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையாட்டிவிட்டுக் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பழமொழியை நான் ஏற்பதில்லை. எல்லாரையும் ஒன்றாக வைத்துத் திட்டிவிட்டால், யாரிடமும் தனித்தனியாகக் கணக்குக் கேட்க வேண்டிய வேலை நமக்கு இல்லாமல் போய்விடுகிறது.

24 மார்ச், ஞாயிறு

பெட்டியைத் திறந்தோம். டிரெடில் இயந்திரத்தில் அச்சடித்த பழைய தாள்கள் ஓரங்களில் பொடிந்து உதிர்கின்றன. பேத்தி ஒவ்வொன்றையும் ஆண்டுவாரியாகத் தரையில் பரப்பினாள்.

1977ஆம் ஆண்டுக் கட்டில், நெருக்கடி நிலையில் சிறை சென்ற திமுகவினரைப் பற்றிய நோட்டீஸ் ஒன்று இருந்தது. 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சி கலைக்கப்பட்டதையும், மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் சென்னை மத்தியச் சிறையில் அடிபட்டதையும் நேரில் அறிந்த தலைமுறை எங்களுடையது. அடுத்து அவள் எடுத்தது, அந்த நெருக்கடி நிலையைக் கொண்டுவந்த இந்திராவை வரவேற்கும் 1980 ஜனவரித் தேர்தல் நோட்டீஸ்: "நேருவின் மகளே வருக, நிலையான ஆட்சி தருக." இரண்டும் ஒரே கட்சியுடையவையா என்று இரண்டு முறை கேட்டாள். அதே போல 1977 மார்ச்சில் இந்திராவின் காங்கிரஸோடு நின்ற எம்.ஜி.ஆரின் ஆட்சியை 1980 பிப்ரவரியில் அதே இந்திரா அம்மையாரின் அரசு கலைத்தது என்பதையும் சொன்னேன்.

அந்த 1980 நோட்டீஸின் மெய்ப்பை வாங்கிப் போக வந்தவர், எமர்ஜென்சியில் ஓராண்டு உள்ளே இருந்தவர். தலைப்பைப் படித்துவிட்டு வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு "எழுத்துப் பிழை எதுவும் இல்லையே தம்பி?" என்று மட்டும் கேட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். 44 ஆண்டுகள் கழிந்தும் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. கட்சி மாறியதைக் கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார் என்றே நினைக்கிறேன்; ஏன் மாறியது என்று அவரை உட்காரவைத்து ஒருவரும் சொல்லவில்லை என்பதுதான் அவர் முகத்தில் தெரிந்தது.

31 மார்ச், ஞாயிறு

"மதவாதம்" என்ற ஒரே சொல்லைப் பின்தொடர்ந்தோம். 1998 பிப்ரவரியில் அது திமுக அணியின் நோட்டீஸ்களில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அப்போது பாரதிய ஜனதா அதிமுகவோடு இருந்தது. 1999 ஏப்ரலில் அதிமுக ஆதரவை விலக்க, வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பர்த் தேர்தலில் திமுக பாரதிய ஜனதாவோடு நின்றதால், அந்தச் சொல் அப்படியே எதிரணியின் நோட்டீஸ்களுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. 2004இல் அணிகள் மீண்டும் மாற, சொல்லும் பழைய வீட்டுக்கே திரும்பியது. நான் தான் மூன்று முறையும் மெய்ப்புப் பார்த்தேன். 1998இல் ஒரு கட்சிக்குக் கோத்த பத்தியை 1999இல் கட்சிப் பெயரை மட்டும் மாற்றி மற்றக் கட்சிக்குப் பயன்படுத்தியிருக்க முடியும்.

பேத்தி தாள்களை முன்னும் பின்னும் புரட்டினாள். "இத்தனையிலும் 'நாங்கள் ஏன் மாறினோம்' என்று ஒரு வரியாவது இருக்கிறதா?" என்றாள். இரவு பத்தரை வரை தேடினோம். "நாட்டு நலன் கருதி", "காலத்தின் கட்டாயம்" என்ற தொடர்களுக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. மெய்ப்பில் ஏதாவது விடுபட்டிருந்தால் வரிக்கடியில் ஒரு கூர்க்குறி இட்டு, ஓரத்தில் கேள்விக்குறி போடுவது எங்கள் வழக்கம். 1999 நோட்டீஸில் அந்த இரண்டு குறிகளையும் இன்று பென்சிலால் இட்டேன்.

7 ஏப்ரல், ஞாயிறு

மனைவி இன்று என்னோடு வாதிட்டாள். நீங்கள் பெட்டியில் தேடும் கொள்கை எங்கள் அடுப்படியில் இருக்கிறது என்பது அவள் கட்சி. 1967இல் சென்னையில் படி அரிசி ஒரு ரூபாய்க்குக் கிடைத்ததைத் தன் தாயார் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்ததையும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவைத் தன் தம்பி சாப்பிட்டதையும், அம்மா உணவகத்து இட்லியையும், கட்டணமில்லாத நகரப் பேருந்தையும், சென்ற செப்டம்பர் முதல் தன் கணக்கில் வரும் 1000 ரூபாயையும் வரிசையாக எடுத்துவைத்தாள். யார் யாரோடு சேர்ந்தாலும் இவற்றை எடுத்துவிட ஒருவருக்கும் துணிவு வரவில்லை, அதனால் நாங்கள் ஏமாறவில்லை என்றாள். இதை நான் மறுக்க மாட்டேன். இரண்டு கழகங்களும் ஒன்றையொன்று பார்த்துச் செய்த நன்மைகள் இவை; அவளைப் போன்ற பெண்கள் தேர்தலுக்குத் தேர்தல் அதைக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.

ஆனால் சோறு போடுவதால் பதில் சொல்லும் கடமை தீர்ந்துவிடாது என்று நான் சொன்னேன். மாறுவது குற்றம் என்று நான் எண்ணவில்லை. பிரிவினை கேட்பதைத் தடுக்கும் 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1963இல் வந்தபோது, அண்ணா திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டார். கட்சியின் உயிராக இருந்த கோரிக்கை அது. கோரிக்கையை விட்டோம், அதற்கான காரணங்கள் அப்படியே இருக்கின்றன என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் காரணங்கள்தாம் பின்னர் மாநில சுயாட்சி என்ற வடிவம் பெற்று, 1974இல் சட்டமன்றத் தீர்மானம் வரை சென்றன. என் தந்தை அந்த முடிவால் மிகவும் வருந்தியவர்; ஆனாலும் கட்சியில் இருந்தார். ராஜாஜியையும் சொல்ல வேண்டும். 1938இல் பள்ளிகளில் இந்தியைப் புகுத்தியவர், பிற்காலத்தில் அதை ஆட்சிமொழியாக்குவதை எதிர்த்தார். தன் கருத்துகளைச் சுயராஜ்யா இதழில் தன் பெயரிலேயே எழுதிவந்தார். ஒப்புக்கொள்ளாதவர்களும் அவரோடு வாதாட முடிந்தது. நான் கேட்பது இவ்வளவே.

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "கேளுங்கள், வேண்டாம் என்றா சொன்னேன்?" என்றாள்.

14 ஏப்ரல், ஞாயிறு, சித்திரை முதல் நாள்

மாலையில் வாக்குச் சேகரிக்க நான்கைந்து பேர் தெருவுக்குள் வந்தார்கள். எந்தக் கட்சி என்பது இங்கே தேவையில்லை. நோட்டீஸ் கொடுத்த இளைஞரிடம் பேத்தி, "அண்ணா, உங்கள் கட்சி போன தேர்தலில் நின்ற அணி வேறு, இந்தத் தேர்தலில் வேறு. ஏன் மாறினீர்கள் என்று இந்தத் தாளில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டாள். அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கே யாரும் சொல்லலம்மா. மாவட்டத்தில் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். அந்த நேர்மை என்னைத் தொட்டது. வீட்டுக்குள் அழைத்து, புத்தாண்டுக்கு வைத்திருந்த பாயசம் கொடுத்தோம்.

20 ஏப்ரல், சனி

நேற்று காலை ஏழரைக்கே மூவரும் வாக்களித்துவிட்டோம். மாநிலத்தில் 72 விழுக்காடு என்று இரவில் சொன்னவர்கள், பிறகு 69.46 என்று திருத்தினார்கள். எங்கள் மத்திய சென்னை 54ஐக்கூட எட்டவில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் இருக்கும் பையன்களுக்கு ஊரில்தான் வாக்கு என்பதை நான் அறிவேன். அவர்கள் பெயர் இங்கே பட்டியலில் இல்லாததால் அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. எதிர்வீட்டில் மூன்று வாக்குகள் இருந்தும் ஒருவரும் போகாததுதான் வருத்தம். யார் வந்தால் என்ன என்றார்கள். படித்தவர்கள், அன்றாடம் செய்தி பார்ப்பவர்கள். அவர்களிடம் கோபம் கொள்ள என்னால் முடியவில்லை.

4 ஜூன், செவ்வாய்

தமிழ்நாட்டின் 39 இடங்களும் புதுச்சேரியும் திமுக அணிக்கு. டெல்லியில் பாரதிய ஜனதா 240இல் நின்றுவிட்டதால், ஆட்சி அமைக்கத் தோழமைக் கட்சிகள் தேவைப்படுகின்றன. யார் எங்கே போவார்கள் என்ற பேச்சைத் தொலைக்காட்சிகள் மதியத்திலேயே தொடங்கிவிட்டன.

மாலையில் பேத்தியோடு பாரதி சாலைப் பக்கம் நடந்தபோது அந்த இளைஞர் எதிரில் வந்தார். எங்களை மறக்கவில்லை. அவள் கேட்பதற்கு முன்பே, "கேட்டேன்மா. தேர்தல் முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டார்கள்" என்றார்.

"தேர்தல் முடிந்துவிட்டதே அண்ணா" என்றாள் பேத்தி.