பெண்டு போட்டால் சுருதியும் சேர்ந்து வளைகிறதா?

கும்பகோணம், மாயவரம் பக்கம் கோயில் திருவிழாக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிற தம்பிகள் அடிக்கடி கேட்பது இதுதான்: "அண்ணே, நாதஸ்வர டோன்ல பெண்டு வீலைத் தள்ளினா பின்னாடி ஓடுற சுருதியும் சேர்ந்து இழுக்குதே, ஏன்?"

பெண்டு வீல் என்பது ஒலிக்கிற சுரத்தை மேலும் கீழும் வளைக்கிற சக்கரம். கீபோர்டில் கோளாறு எதுவும் இல்லை; மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் முறையான மிடி (MIDI) அப்படித்தான் பேசும். மிடி கேபிளில் சத்தம் போவதே கிடையாது. எந்தக் கீயை எவ்வளவு வேகமாக அழுத்தினோம், எப்போது விட்டோம் என்ற சேதி மட்டும்தான் போகும். ஒரே கேபிளில் போகும் சேதிகளைத் தனித்தனியாகப் பிரிக்கிற எண்தான் சேனல். முதல் சேனலில் நடு 'சி'யை அழுத்தினால் 144, 60, 100 என்கிற மாதிரி மூன்று எண்கள் கிளம்பும். 144 என்றால் முதல் சேனலில் சுரம் தொடங்குகிறது, 60 என்பது கீ, 100 என்பது அழுத்திய வேகம். விநாடிக்கு 31,250 பிட் என்பதால் மூன்றும் போய்ச் சேர ஏறக்குறைய ஒரு மில்லிவிநாடி.

ஆனால் பெண்டு சேதியில் கீ எண்ணே கிடையாது, சேனல் எண் மட்டும்தான். அதனால் அந்தச் சேனலில் என்னவெல்லாம் ஒலிக்கிறதோ அத்தனையும் வளையும். சுருதியை வேறு சேனலுக்கு மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான்; மொத்தம் 16 இருக்கின்றன, பத்தாவதை மட்டும் தாளத்துக்கு விட்டுவிடுங்கள்.

அப்புறம் பெண்டு அளவு. பெரும்பாலும் மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு என்றுதான் வைத்திருப்பார்கள். தோடி காந்தாரத்தை ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே அசைக்க அது சரியாகப் போதும். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே ஜாருவாக, அதாவது விட்டுவிடாமல் வழுக்கிக்கொண்டு, ஏற ஏழு வேண்டும், அதற்காக 12 என்று வைத்துக்கொள்ளலாம். மிடி 16,384 படி தருகிறது, ஆனால் 128 படி மட்டுமே அனுப்புகிற வீலாக இருந்தால் ஜாரு வழுக்காமல் மாடிப்படி ஏறுவதுபோல் கேட்கும்.

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்தில் விரலும் மூச்சும் சேர்ந்து செய்கிற வேலையை ஒரு வீலிடம் கேட்கிறோம். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் NAMM என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் புராபெட்-600, ஜூபிடர்-6 என்ற இரண்டு சிந்தசைசர்களை மிடி வழியாக இணைத்துக் காட்டியபோது, சுரத்தை அசைத்து வளைக்கிற நம் கமகம் யார் மனதிலும் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் ஜெனரேட்டர் ஓடுகிற மேடையில் அந்தப் பழைய ஐந்து பின் கேபிளைத்தான் இன்னும் நம்புகிறேன், உள்ளே வாங்கும் இடத்தில் சேதி ஒளியாக மாறித் தாண்டுவதால் அந்த வழியாக இரைச்சல் ஏறாது. 15 மீட்டருக்கு மேல் மட்டும் இழுக்காதீர்கள்.

2018இல் வந்த எம்பிஇ (MPE) என்ற மிடி முறையில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல், ஒன்றை மட்டும் வளைக்கலாம். புதிதாகக் கீபோர்டு வாங்குவதாக இருந்தால் டோன் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன்னால் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.