மைல்ஸ் இருந்தது, இருக்கை இல்லை

லண்டனில் இருக்கும் அக்காவின் மகளுக்கு 2024 மே 18 அன்று அரங்கேற்றம் என்று முந்தைய அக்டோபரிலேயே தகவல் வந்துவிட்டது. அலுவலக வேலையாகப் பல ஆண்டுகள் பறந்ததில் என் கணக்கில் 1,85,000 மைல்ஸ், அதாவது பணத்துக்குப் பதிலாகக் கொடுத்து டிக்கெட் எடுக்க விமான நிறுவனம் தரும் புள்ளிகள், சேர்ந்திருந்தது. அதில் ஒரு பகுதி மூன்றாண்டுக் கெடு முடிந்து அடுத்த ஜூனில் காலாவதியாக இருந்தது. நாங்கள் நான்கு பேரும் சென்னையிலிருந்து வளைகுடா வழியாகப் போய்வர 2,40,000 மைல்ஸ் தேவை. குறையும் 55,000 மைல்ஸை கிரெடிட் கார்டு புள்ளிகளை மாற்றி ஈடுகட்டிவிடலாம், வரி மட்டும் கட்டினால் போதும் என்று வீட்டில் பெருமையாகச் சொல்லியும்விட்டேன். கையில் பணம் இருப்பதைப் பார்த்தேனே தவிர, கடையில் சரக்கு இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

விமான நிறுவனத்தின் தளத்தில் நான்கு பேர் என்று குறிப்பிட்டு மைல்ஸ் டிக்கெட் தேடியபோது, மே மாதத்தின் முதல் பாதியில் ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அதே தளத்தில் அதே விமானத்துக்குப் பணம் கட்டுவதாக மாற்றித் தேடினால் எல்லாத் தேதிகளிலும் டிக்கெட் இருந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்து, எழும்பூரில் டிராவல் ஏஜென்சி நடத்தும் நண்பரிடம் போனேன். அவர் தமது திரையில் அந்த விமானத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார். ஓர் எழுத்து, அதன் பக்கத்தில் ஓர் எண் என்று ஒரே வரியில் நீண்டது: ஒய் 9, பி 9, எம் 9, கே 7, எல் 4, கடைசியில் எக்ஸ் 0. "ஒன்பதுன்னா ஒன்பதோ அதுக்கு மேலயோ இருக்குன்னு அர்த்தம், சார். உங்க மைல்ஸ் செல்லுறது அந்த எக்ஸுக்கு மட்டும்தான்" என்றார்.

அதுவரை எக்கானமி வகுப்பு என்பது ஒன்றுதான் என்று எண்ணியிருந்தேன். உட்காரும் இடம் ஒன்றாக இருந்தாலும், விற்பனைக் கணக்கில் அது பத்துக்கும் மேற்பட்ட கட்டண அடுக்குகளாகப் பிரிந்து கிடக்கிறது; திரையில் பார்த்த ஒவ்வோர் எழுத்தும் ஓர் அடுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் எத்தனை இருக்கைகளை விற்கலாம் என்பதை, அந்தத் தடத்தில் அந்தப் பருவத்தில் முன்பு எப்படி விற்றது என்ற கணக்கை வைத்து விமான நிறுவனத்தின் மென்பொருள் அவ்வப்போது கூட்டியும் குறைத்தும் வைக்கிறது. பணத்துக்கு விற்காமல் போகும் என்று அது கணிக்கும் இருக்கைகள்தான் பெரும்பாலும் மைல்ஸ் அடுக்கில் வந்து விழுகின்றன. மே மாதத் தொடக்கத்தில் சென்னையிலிருந்து புறப்படும் விமானத்தில், பள்ளி விடுமுறைக் கூட்டம் அலைமோதும்போது, அப்படி என்ன மிஞ்சிவிடப் போகிறது? அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தன் மைல்ஸ் திட்டத்தைத் தொடங்கியது; இருக்கைகளை இப்படி அடுக்கடுக்காகப் பிரித்து விற்கும் கணக்கிலும் முன்னோடி அதே நிறுவனம்தான். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எண்ணிக்கொண்டே கொடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, கொஞ்சம் வியப்புதான் வந்தது.

நண்பர் சொல்லிக்கொடுத்தபடி நான்கை விட்டுவிட்டு மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணிக்கையைக் குறைத்துத் தேடினேன். நான்கு பேர் என்று கேட்டால், நான்கு இருக்கைகளும் ஒருசேர அந்த அடுக்கில் இருந்தால்தான் திரை காட்டும். மூன்று இருந்தாலும் இல்லை என்றே பதில் வரும். இரண்டு என்று கேட்டதும் மே 7 செவ்வாய்க்கிழமை இரண்டும், 9 வியாழக்கிழமை இரண்டும் தெரிந்தன. மனைவியும் ஒன்பது வயது மகனும் முதலில் போவது, நானும் பதின்மூன்று வயது மகளும் பின்னால் போவது என்று வீட்டில் பேசி முடித்தோம்.

செவ்வாய்க்கிழமைக்கான இரண்டு டிக்கெட்டுகளைக் கையில் இருந்த மைல்ஸைக் கொண்டு உடனே எடுத்தேன். நான்கு பேரின் திரும்பும் பயணத்துக்கு மே 29 புதன்கிழமை தேடிய முதல் முறையே கிடைத்தது. அதற்கும் சேர்த்துச் செலவானதில் எங்கள் இருவரின் போகும் பயணத்துக்கு வெறும் 5,000 மைல்ஸ்தான் மிஞ்சியது. அன்றிரவே கார்டு புள்ளிகளை மாற்றச் சொன்னேன். மாற்றிய புள்ளிகளைத் திரும்பப் பெற முடியாது என்ற எச்சரிக்கையைப் படித்துவிட்டுத்தான் சம்மதம் கொடுத்தேன். ஆனால் அவை மைல்ஸாகக் கணக்கில் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்று கேட்கத் தோன்றவில்லை. மூன்றாம் நாள் காலையில் மைல்ஸ் வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை இருக்கைகள் அதற்குள் போய்விட்டிருந்தன. முதலிலேயே சேவை மையத்தை அழைத்து, அந்த இருக்கைகளை இரண்டு நாள் நிறுத்தி வைக்க வழி உண்டா என்று விசாரித்திருக்க வேண்டும்.

அந்த வாரம் இன்னொரு விந்தையும் கண்டேன். அதே வியாழக்கிழமை சென்னையிலிருந்து வளைகுடா வரை மைல்ஸ் இருக்கை இருந்தது, அங்கிருந்து லண்டனுக்கும் இருந்தது, ஆனால் சென்னை முதல் லண்டன் வரை என்று சேர்த்துக் கேட்டால் இல்லை. நிறுவனம் இருக்கையைத் துண்டு துண்டாக அல்லாமல், முழுப் பயணத்தில் என்ன வருமானம் வரும் என்று பார்த்துத் திறப்பதால் இப்படி நேர்கிறது என்று நண்பர் விளக்கினார். தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருக்கலாம். கூடுதல் மைல்ஸ் போயிருக்கும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மகளை வைத்துக்கொண்டு அந்தச் சூதாட்டம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஏறத்தாழ மூன்று வாரம், காலையில் காபி குடிக்கும்போதும் இரவு படுக்கும் முன்பும், இரண்டு பேர் என்று போட்டு ஒரே தேடலைத் திரும்பத் திரும்பச் செய்தேன். நவம்பர் நடுவில் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, மே 10 வெள்ளிக்கிழமைக்கு இரண்டு இருக்கைகள் தெரிந்தன. யாரோ ரத்து செய்திருக்க வேண்டும். காபி ஆறிப்போனாலும் டிக்கெட் உறுதியானது.

வரிக் கணக்கில் மட்டும் ஓர் ஆறுதல் இருந்தது. பிரிட்டனிலிருந்து புறப்படும் பயணிகளிடம் அந்நாட்டு அரசு வசூலிக்கும் விமானப் பயணி வரி மைல்ஸ் டிக்கெட்டுக்கும் உண்டு. இந்தியா வரையிலான எக்கானமி பயணத்துக்கு அந்த ஆண்டு ஓர் ஆளுக்கு 88 பவுண்டு. எக்கானமியில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு விலக்கு என்பதால் இரண்டு பிள்ளைகளுக்கும் அது விழவில்லை.

புறப்படப் பத்து நாள் இருக்கும்போது, பழக்கதோஷத்தில் ஒருமுறை தேடிப் பார்த்தேன். மனைவியும் மகனும் போகும் செவ்வாய்க்கிழமை விமானத்தில் இரண்டு மைல்ஸ் இருக்கைகள் புதிதாகத் திறந்திருந்தன; கடைசி நேரத்தில் விற்காததைத் திறந்துவிடுவதும் வழக்கம்தானாம். தேதி மாற்றக் கட்டணத்தைக் கட்டினால் நால்வரும் ஒன்றாகவே போகலாம் என்று துள்ளிக்கொண்டு போய்ச் சொன்னேன். மனைவி பெட்டியில் துணி அடுக்குவதை நிறுத்தாமல், "பிள்ளைங்க ரெண்டு பேரும் மூணு நாளாவது சண்டை போடாம தனித்தனியா இருக்கட்டும், விடுங்க" என்றாள். திரையை மூடிவிட்டேன்.