பி தளத்து ஜன்னல்கள்

அக்டோபர் 6

பெட்டியில் இருப்பது டைட்டானிக்கின் பிளாஸ்டிக் மாதிரி. வேண்டியது ஒலிம்பிக், அதுவும் 1911 ஜூன் 14 அன்று சவுத்தாம்ப்டனில் இருந்து முதல் பயணம் கிளம்பிய நிலையில். ஹார்லண்ட் அண்ட் உல்ஃப் பட்டறையில் எண் 400 ஒலிம்பிக், 401 டைட்டானிக். ஒரே வரைபடம்தான். ஆனால் இரண்டாவதைக் கட்டும்போது அங்கங்கே மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும்.

கத்தி வைக்க வேண்டிய இடங்களில் பென்சில் அடையாளம்: ஏ தளத்தின் முன்பாதியை மூடியிருக்கும் ஜன்னல் சுவர், பி தளம் முழுக்க, முன்மூக்கில் இடப்பக்கம் சி தளத்தில் இரண்டு துளைகள், கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜின் இறக்கை நுனிகள்.

அக்டோபர் 7

மேசைமேல் ஒட்டிவைத்த தாள். 1:350-ல் ஒரு அடி 0.87 மி.மீ. மொத்த நீளம் சுமார் 769 மி.மீ. அகலம் 80.5. நீருக்குள் மூழ்கும் ஆழம் 34 அடி 7 அங்குலம், அதாவது 30 மி.மீ. புகைபோக்கி நீள்வட்டம், 21.3-க்கு 16.5. உயிர்காப்புப் படகு 30 அடி, 26 மி.மீ.

அக்டோபர் 9

பி தள ஜன்னல்களை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். வேறு எண் வந்தது.

அக்டோபர் 12

ஒலிம்பிக்கில் பி தளம் நடைவெளி. அதனால் ஜன்னல்கள் சீரான இடைவெளியில், வரிசை கலையாமல் ஓடும். டைட்டானிக்கில் அந்த நடைவெளியை எடுத்துவிட்டு அறைகளையும், இரண்டு தனி உலாவிடங்களையும், பின்னால் கஃபே பாரிசியனையும் வைத்தார்கள். ஜன்னல்கள் ஓரிடத்தில் நெருங்கி ஓரிடத்தில் விலகி நிற்பது அதனால்தான். பெட்டியில் வந்த சுவரைப் பட்டி வைத்து அடைத்து மறுபடி துளை போடுவது வீண் வேலை. முழு வரிசையையும் வெட்டி எடுத்து, அங்கே பித்தளைத் தகடு வைப்பதுதான் சுத்தம்.

வெட்டும்போது ரம்பம் கூடாது. கத்தியின் முதுகால் ஒரே கோட்டில் இருபது, இருபத்தைந்து முறை இழுத்தால் பிளாஸ்டிக் தானாகப் பிளந்துகொள்ளும். ரம்பத்தின் அதிர்வில் மேலே இருக்கும் மெல்லிய விளிம்பு வெடிக்கும்.

இடப்பக்கம் ஒழுங்காக வந்தது. வலப்பக்கம் வெட்டி முடித்து, உள்ளே தாங்கலாக 0.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு ஒட்டினேன். மாலையில் காலிபர் வைத்தால் நடுவில் அகலம் 79.3. ஒரு மி.மீ.-க்கு மேல் உள்வாங்கிவிட்டது. கரைப்பான் பசையை மெல்லிய தகட்டின் ஒரு முகத்தில் மட்டும் தடவினால், காயும்போது அந்த முகம் சுருங்கித் தகட்டை வளைக்கும். இது தெரிந்தும் செய்தேன்.

திருத்தம்: தகட்டைப் பெயர்த்தாயிற்று. 3 மி.மீ. சதுரக் குச்சியில் ஏழு குறுக்குச் சட்டங்கள், ஒவ்வொன்றும் அந்த இடத்து உள் அகலத்துக்கு அளந்து வெட்டியவை. வெட்டுவதற்கு முன் வைத்திருக்க வேண்டியவை.

அக்டோபர் 13

மழை. பிரைமர், அதாவது அடிப்பூச்சு, அடிக்க முடியாது.

அக்டோபர் 15

இடப்பக்க முன்மூக்கு. ஒலிம்பிக் வேலைக்கு வந்தபோது அங்கே 14 வட்ட ஜன்னல்கள். டைட்டானிக் கடலுக்குப் போனபோது 16. இரண்டை மூட வேண்டும்.

பட்டி வைத்தால் காய்ந்து சுருங்கி, கறுப்பு அடித்த மறுநாள் குழியாகத் தெரியும். ஸ்புரூவை, அதாவது உதிரிகளைத் தாங்கிவரும் பிளாஸ்டிக் சட்டத்துண்டை, மெழுகுவத்தி மேலே இழுத்து, துளையைவிட ஒரு நூல் தடித்த கம்பியாக்கி, பசையில் தோய்த்து இறுக்கிச் செருகவேண்டும். ஒரு நாள் விட்டு வெட்டி, 600, 1000 எண் உப்புத்தாளில் தேய்த்தால் பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்காகச் சேர்ந்துவிடும்.

மற்ற துளைகளுக்குக் கை டிரில், 0.7 முதல் 1.2 வரை மூன்று முனைகள். ஊசியால் முதலில் குத்தி வைக்காவிட்டால் முனை வழுக்கி வரிசை கோணும். இன்று ஒரு பக்கம் மட்டும். விரல் நுனி மரத்துவிட்டது.

அக்டோபர் 16

பித்தளைப் பார்சல் எங்கே?

அக்டோபர் 19

கப்பல் உடலின் தகடுகள். அசலில் பெரும்பாலான தகடு 30 அடி நீளம், 6 அடி அகலம், ஒரு அங்குல கனம். ஒரு அங்குலம் இந்த அளவில் 0.07 மி.மீ. பெட்டியில் வந்ததோ நகம் மாட்டும் உயரத்தில் படிக்கட்டாக நிற்கிறது. 400 எண் தாளைத் தட்டையான கட்டையில் ஒட்டி, நீளவாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் விளிம்பு உருண்டு, தகடு தலையணை ஆகிவிடும். முழுக்க மழிக்கவும் கூடாது. சாய்ந்த வெளிச்சத்தில் மட்டும் கோடு தெரிந்தால் சரி.

அக்டோபர் 22

படம் பார்த்தே நாள் போயிற்று. "டைட்டானிக்" என்று தலைப்பிட்ட பழைய படங்களில் பலவும் ஒலிம்பிக்தான். ஏ தளம் முன்னிருந்து பின்வரை திறந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், கடைசிவரை அதை மூடவில்லை. நியூயார்க் துறையில் நிற்கும் "டைட்டானிக்" படத்தையும் நேற்றுப் பார்த்தேன். அது நியூயார்க் போய்ச் சேர்ந்ததா?

ஒலிம்பிக் படங்களுக்குள்ளேயே ஆண்டைப் பிரிக்கத்தான் சிரமம். எளிய வழி படகுகள். 1911-ல் 16 மரப்படகும் மடிப்புப் படகு நான்கும், தளத்தின் நடுப்பகுதி ஓரம் காலி. தளம் நெடுகப் படகு அடுக்கியிருந்தால் 1912-க்குப் பிந்தைய படம், எனக்கு ஆகாது. 1910 அக்டோபர் 20-ல் நீரில் இறக்கியபோது உடல் வெளிர் நிறம், படத்தில் எடுப்பாகத் தெரியட்டும் என்று. அதுவும் ஆகாது. ஆனால் பி தள ஜன்னலுக்கு அந்தப் படங்களைப்போலத் தெளிவானவை வேறில்லை. எண்ணிக்கை சரிவந்தது.

அக்டோபர் 25

விளக்கு. 3 மி.மீ. மஞ்சள்வெள்ளை எல்.இ.டி. ஒன்பது, 5 வோல்ட், ஒவ்வொன்றுக்கும் தனி 220 ஓம். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போட்டால் ஒன்று எரியும், இன்னொன்று மினுக்கும்.

உள்சுவருக்கு முதலில் கறுப்பு இரண்டு கோட், அதன்மேல் வெள்ளை. கறுப்பு இல்லாவிட்டால் உடலே காகித விளக்குமாதிரி ஒளிரும். அறையை இருட்டாக்கிப் பார்த்ததில் கீல் (கப்பலின் அடித்தண்டு) ஒட்டில் ஒரு கோடு வெளிச்சம். அடைத்தேன்.

மேல்தளம் மூடுவதற்குமுன், கீலின் உட்பக்கம் முன்னும் பின்னும் 3 மி.மீ. நட்டு, எபாக்ஸியில். நவம்பர் 24 அன்று வண்டியில் அனுப்பும்போது பலகையில் இறுக்க.

அக்டோபர் 29

பார்சல் இல்லை. மழை.

நவம்பர் 1

வெயில்! காலை ஒன்பதுக்கே ஏர்பிரஷ். வெள்ளை முதலில், சிவப்பு அடுத்து, கறுப்பு கடைசி. வெளிர் நிறத்துக்கு மேல் அடர்நிறம் மூடும், மாற்றி அடித்தால் மூடாது. நீர்மட்டக் கோட்டுக்கு, 30 மி.மீ. உயரக் கட்டையில் பென்சிலைக் கட்டி, கண்ணாடிப் பலகைமேல் சுற்றி இழுத்தேன். டேப்பின் ஓரத்தை முதலில் சிவப்பாலேயே ஒரு மெல்லிய கோட் அடித்து அடைத்துவிட்டுப் பிறகு கறுப்பு. கசிந்தால் சிவப்பே கசியும், யாருக்கும் தெரியாது.

கறுப்புக்குத் தமியா எக்ஸ்எஃப்-69, சற்று வெளிறிய கறுப்பு. சுத்தக் கறுப்பு இவ்வளவு சிறிய கப்பலில் தார் பூசியதுபோல இருக்கும், விவரம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

மஞ்சள் கோடு நாளை. டெக்கால்தான், நீரில் நனைத்து ஒட்டும் அச்சுத்தாள். கையால் வரைய எனக்கு நம்பிக்கை இல்லை.

நவம்பர் 4

புகைபோக்கி நிறம். ஒயிட் ஸ்டார் பஃப், கப்பல் கம்பெனியின் பழுப்பு மஞ்சள். வண்ணப் படம் கிடையாது, ஆளுக்கொரு கலவை. வெள்ளை 10 சொட்டு, மஞ்சள் 6, சிவந்த பழுப்பு 2. ஈரத்தில் சரி, காய்ந்ததும் ஒரு படி இருண்டது.

நவம்பர் 5

பழுப்பு 1 சொட்டு. வாழைப்பழம்.

நவம்பர் 6

பழுப்பு ஒன்றரை. அரைச் சொட்டை எப்படி அளப்பது? மொத்தத்தையும் இரட்டிப்பாக்கி 20, 12, 3. இதைத்தான் முதல்நாளே செய்திருக்க வேண்டும்.

நவம்பர் 9

பார்சல் வந்தது. பி தளம்!

பித்தளைத் தகடு 0.2 மி.மீ., ஜன்னல்கள் ஒரே சீராக. கேஸ் அடுப்பில் மங்கிய சிவப்பாகும்வரை காட்டி ஆறவிட்டால் இளகும், உடலின் வளைவுக்குப் படியும். தளம் நடுவில் தாழ்ந்து இரு முனையும் உயர்வதால் நேர்த்தகடு ஒருபோதும் உட்காராது. நடுவில் ஒட்டிக்கொண்டு இருபுறமும் நகர வேண்டும். முனையிலிருந்து தொடங்கினால் பிழை எல்லாம் மறுமுனையில் வந்து சேரும்.

ஜன்னலுக்குக் கண்ணாடி வைக்கும் முன்பே சூப்பர் க்ளூ வேலை முடிந்திருக்க வேண்டும். அதன் ஆவி பட்டால் தெளிவான பிளாஸ்டிக் வெள்ளையாகப் பூத்துவிடும்.

இரவு பதினொன்று. விளக்கைப் போட்டேன். ஒரு வரிசை, கலையாமல்.

நவம்பர் 13

சாய்வு. அடிக்கு 2 அங்குலம், ஒன்பதரை டிகிரி. அட்டையில் 60 மி.மீ. உயரம், 10 மி.மீ. அடி வைத்து முக்கோணம் வெட்டினால் அதே கணக்கு. நான்கு புகைபோக்கிக்கும் இரண்டு மாஸ்டுக்கும் அந்த ஒரே அட்டை. ஆனால் அட்டையை நிறுத்த வேண்டியது மேசைமேல், தளத்தின்மேல் அல்ல. தளமே வளைவு. ஒவ்வொரு புகைபோக்கியின் அடியையும் தனித்தனியே தேய்த்தால்தான் நான்கும் இணையாக நிற்கும். மூன்று ஆயிற்று. நாலாவது அரை டிகிரி பின்னால் படுக்கிறது. அதில் கொதிகலன் புகை வராது, காற்றோட்டத்துக்கானது, அதனால் உச்சியில் கரி பூச வேண்டாம்.

நவம்பர் 14

நாலாவது இன்னும் படுக்கிறது.

நவம்பர் 16

வெலின் டேவிட், படகை இறக்கும் கைகள், 16 ஜோடி. மடிப்பது, நிமிர்த்துவது, தரையில் தேடுவது. 14 ஜோடி நிற்கிறது.

நவம்பர் 19

ஓரத்து இரண்டு திருகுவிசிறிகளுக்கும் மூன்று இதழ், 20.5 மி.மீ. நடுவில் நான்கு இதழ், 14.4. இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம். ஒரே மாதிரி இரண்டு மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓரத்தவை திருகி மாட்டிய இதழ்கள், இதழ் வெண்கலம், குமிழ் எஃகு. அதனால் இரண்டு நிறம்.

கயிறு எதுவும் கட்டப்போவதில்லை. வண்டி போய்ச் சேர்ந்த பிறகுதான்.

நவம்பர் 22

பலகையில் போல்ட் போட்டேன். பின் நட்டு பிடித்தது. முன் நட்டு உள்ளே சுற்றுகிறது. எபாக்ஸி பூசுமுன் பிளாஸ்டிக்கைக் கீறிச் சொரசொரப்பாக்கவில்லை, உரிந்துவிட்டது. தளம் மூடியாயிற்று, கை போகாது. போல்ட் பக்கத்தில் 1.5 மி.மீ. துளை போட்டு, கப்பலைச் செங்குத்தாக நிறுத்தி, ஊசியில் சூப்பர் க்ளூ ஏற்றினேன். போல்டில் கிரீஸ் தடவ மறக்கவில்லை.

பி தள ஜன்னலில் ஆவி ஏறாமல் இருக்க வேண்டும்.

நவம்பர் 23

ஏறியிருக்கிறது. வலப்பக்கம் முன்னால் ஆறு ஜன்னல்.

நவம்பர் 24

ஏழு மணி வண்டி ஆறுக்கே வந்துவிட்டது. பெட்டிக்குள் கப்பலைத் தொடுவது பலகை மட்டும், பஞ்சு, குமிழ்த்தாள் எதுவும் மேலே படவில்லை. நாலாவது புகைபோக்கி ஒட்டவில்லை, சட்டைப்பையில்.