மீனில்லாத தொட்டியில் 38 நாள்கள்

60 சென்டிமீட்டர் நீளமும், அகலத்திலும் உயரத்திலும் 30 சென்டிமீட்டரும் கொண்ட ஒரு கண்ணாடித் தொட்டியை வெப்பமண்டல நன்னீர் மீன்களுக்காக அமைக்கத் தொடங்கி இன்றோடு 60 நாள்கள் ஆகின்றன. இவற்றில் முதல் 38 நாள்கள் தொட்டியில் ஒரு மீன்கூட இல்லை. அந்த நாள்களில் நீருக்குள் நடந்ததையும், 24ஆம் நாள் எல்லாம் நின்றுபோனதையும், அதற்கான காரணம் பிடிபட்ட விதத்தையும் என் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கணக்குப்படி தொட்டியின் கொள்ளளவு 54 லிட்டர். மணலும் மரக்கட்டையும் இடம் பிடித்துக்கொண்டதாலும், விளிம்புக்குக் கீழே 2 சென்டிமீட்டர் விட்டு நிரப்பியதாலும், உள்ளே சென்ற நீர் 45 லிட்டர்தான். அளவிட்ட வாளியால் ஊற்றிக் குறித்துக்கொண்ட இந்த எண், பிறகு எதைக் கலந்தாலும் எனக்குத் துணையாக இருந்தது. கண்ணாடி, மணல், நீர் எல்லாம் சேர்ந்து 60 கிலோவைத் தாண்டும் என்பதால், மேசையை ரசமட்டம் வைத்துச் சரிபார்த்து, தொட்டிக்கு அடியில் மெல்லிய நுரைத்தாள் விரித்தேன். 50 வாட் ஹீட்டர் ஒன்றை 26 டிகிரி செல்சியஸில் நிறுத்தினேன். காற்றுப் பம்பில் இயங்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதன் துளைகள் நிறைந்த பரப்பில் பாக்டீரியாக்கள் குடியேற நிறைய இடம் உண்டு என்பதும், சிறிய மீன்களை அது உள்ளே இழுத்துவிடாது என்பதுமே.

செடிகளில் ஜாவா ஃபெர்னையும் அனுபியாஸையும் பருத்தி நூலால் மரக்கட்டையில் கட்டினேன். இவற்றின் கிடைத்தண்டை மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும். வேர் மட்டும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். கிரிப்டோகோரைனை மணலில் நட்டேன். நட்ட ஆறாம் நாள் அதன் இலைகள் ஓரத்திலிருந்து கண்ணாடிபோல ஒளி ஊடுருவும்படி ஆகி, விரலால் தொட்டால் கரையும் கூழாக மாறின. இடம் மாறினால் இச்செடி இலைகளை உதிர்ப்பது வழக்கம் என்று படித்திருந்தேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை. கெட்ட இலைகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு வேரை அசைக்காமல் விட்டேன். மூன்றாம் வாரத்தில் சுருட்டிய காகிதம்போல ஒரு செந்நிறத் துளிர் மணலைத் துளைத்துக்கொண்டு வந்தது.

இனி நீரின் கதை. மீன் வெளியேற்றும் அம்மோனியா மீனுக்கே நஞ்சு. அதை நைட்ரைட்டாக மாற்றுபவை ஒரு வகை பாக்டீரியாக்கள். அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுபவை வேறொரு வகை. நைட்ரைட்டும் ஆபத்தானதுதான், மீனின் குருதி ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். நைட்ரேட்டோ குறைந்த அளவில் தீங்கற்றது. செடிகளுக்கு உணவாகும், மீதியை நீரை மாற்றி வெளியேற்றலாம். புதிய தொட்டியில் இந்த இரு வகை பாக்டீரியாக்களும் போதிய அளவில் இருப்பதில்லை. அவை மெதுவாகப் பெருகுபவை. மீனை விட்டு அதன் கழிவைக்கொண்டே இவற்றை வளர்ப்பவர்கள் உண்டு. உயிருள்ள ஒன்றை அந்தச் சோதனைக்கு உட்படுத்த எனக்கு மனமில்லை. ஆகவே குளோரின் நீக்கிய நீரில் அம்மோனியம் குளோரைடு கரைசலைக் கலந்து, அம்மோனியா லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருக்கும்படி செய்தேன்.

எட்டு நாள்கள் எந்த மாற்றமும் இல்லை. ஒன்பதாம் நாள் சோதனைக்குழாயில் அம்மோனியாவைக் காட்டும் பச்சை சற்று வெளிறியது. நைட்ரைட் குழாயில், நைட்ரைட் இல்லாதபோது தெரியும் நீலத்துக்குப் பதிலாக இளம் ஊதா தெரிந்தது. 12ஆம் நாள் அம்மோனியா முற்றிலும் தீர்ந்தது. மீண்டும் 2 மில்லிகிராமுக்கு உயர்த்தினேன். 15, 18, 21ஆம் நாள்களிலும் அவ்வாறே செய்தேன். ஒவ்வொரு முறையும் அது விரைவாகக் குறைந்துகொண்டே வந்ததால், இன்னும் ஒரு வாரத்தில் மீன் விடலாம் என்று எண்ணியிருந்தேன்.

24ஆம் நாள் அம்மோனியா 2 மில்லிகிராமிலேயே நின்றது. மறுநாளும் அதே பச்சை. நைட்ரைட் குழாய் அடர்ந்த ஊதாவில் உறைந்துவிட்டது. ஃபில்டர் குமிழ்களை விட்டுக்கொண்டிருந்தது, வெப்பநிலை 26 டிகிரியிலேயே இருந்தது, குளோரின் நீக்கியை ஒருபோதும் தவறவிடவில்லை. பாக்டீரியாக்கள் இறந்துவிட்டனவோ என்ற கவலையோடு, நீரின் அமிலத்தன்மை கூடினால் குறையும் பி.எச். அளவை, அதுவரை ஒரே ஒருமுறை அளந்திருந்ததை, மீண்டும் பார்த்தேன். முதல் நாள் 7.2 இருந்தது இப்போது 6.0. அடுத்து கார்பனேட் கடினத்தன்மையை, அதாவது நீரில் கரைந்துள்ள கார்பனேட்டின் அளவை, சோதித்தேன். இதில் நீருள்ள குழாயில் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மஞ்சளாக எத்தனையாவது சொட்டில் மாறுகிறது என்று எண்ண வேண்டும். ஒரு சொட்டு ஒரு டிகிரி. குழாய்நீரில் மூன்றாம் சொட்டில் மஞ்சளானது. தொட்டி நீரிலோ முதல் சொட்டு விழுந்ததுமே மஞ்சள்.

காரணம் அங்கேதான் இருந்தது. அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும்போது பாக்டீரியாக்கள் அமிலத்தையும் உண்டாக்குகின்றன. நீரிலுள்ள கார்பனேட் அதை ஏற்றுச் சமன் செய்கிறது. இப்படி அமிலத்தைச் சமன் செய்யும் திறனே நீரின் காரத்தன்மை. அம்மோனியாவிலுள்ள நைட்ரஜன் ஒரு மில்லிகிராம் மாறுவதற்கு, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 7 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகிறது. என் குழாய்நீரின் மூன்று டிகிரி என்பது லிட்டருக்கு 54 மில்லிகிராம். ஐந்து முறை நான் கலந்த அம்மோனியா அதை முழுவதும் தீர்த்துவிடப் போதுமானது. காரத்தன்மை தீர்ந்ததும் பி.எச். சரிந்தது, அந்த அமிலத்தன்மையில் பாக்டீரியாக்கள் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிட்டன. அவை இறக்கவில்லை.

26ஆம் நாள் 30 லிட்டர் நீரை மாற்றினேன். அரை தேக்கரண்டி சமையல் சோடாவைத் தனியே கரைத்து ஊற்றினேன். ஒரு கைப்பிடி நொறுக்கிய பவளக்கல்லை வலைப்பையில் கட்டி ஃபில்டருக்கு அருகில் தொங்கவிட்டேன். சோடா அன்றைய தேவைக்கு. பவளக்கல் நீர் அமிலமாகும்போது மெதுவாகக் கரைந்து கார்பனேட்டைத் தந்துகொண்டிருக்கும். மீன் இருந்திருந்தால் இதை இவ்வளவு தயக்கமின்றிச் செய்திருக்க முடியாது. பி.எச். தாழ்ந்திருக்கும்போது அம்மோனியாவில் பெரும்பகுதி, நச்சு மிகக் குறைந்த அம்மோனியமாகவே இருக்கும், பி.எச். திடீரென உயர்ந்தால் அதில் ஒரு பங்கு நஞ்சாகத் திரும்பும். நான் மீனின்றிக் காத்திருந்ததன் பயனை முழுமையாக உணர்ந்தது அந்த மாலையில்தான்.

28ஆம் நாள் அம்மோனியா மறுபடியும் குறையத் தொடங்கியது. நைட்ரைட் மட்டும் ஒரு வாரம் அசையாமல் இருந்து, 35ஆம் நாள் காலையில் ஒரேயடியாகத் தெளிந்த நீலத்துக்கு வந்தது. 37ஆம் நாள் கலந்த 2 மில்லிகிராம் அம்மோனியா 24 மணி நேரத்தில் தீர்ந்து, நைட்ரைட்டும் சுழியாக இருந்தது. சேர்ந்திருந்த நைட்ரேட்டை வெளியேற்ற நீரில் முக்கால் பங்கை மாற்றினேன்.

39ஆம் நாள் ஆறு ஹார்லெக்வின் ரஸ்போராக்கள் வந்தன. இவை கூட்டமாக வாழ்பவை. ஆறுக்குக் குறைவாக வைப்பது அவற்றுக்குச் செய்யும் கொடுமை என்பது என் கருத்து. பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, சிறிது சிறிதாகத் தொட்டி நீரைச் சேர்த்து, பிறகு வலையால் எடுத்து விட்டேன். முதல் இரண்டு மணி நேரம் மரக்கட்டைக்குப் பின்னால் நிறம் வெளுத்து ஒடுங்கியிருந்தன. விளக்கை அணைத்துவிட்டு அறையின் வெளிச்சத்தில் பார்த்தபோது ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன. உடலின் பின்பாதியில் அந்தக் கரிய முக்கோணம் மெல்ல இருண்டு கூர்மையானது.

இன்றைய அளவுகள்: அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 10 மில்லிகிராம், பி.எச். 7.0, கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி. வாரம் ஒருமுறை 12 லிட்டர் மாற்றுகிறேன். ஸ்பாஞ்சை அவ்வாறு எடுத்த பழைய தொட்டி நீரில் மட்டுமே பிழிகிறேன். கண்ணாடியில் படிந்த பழுப்புப் பாசியைத் துடைக்க வேண்டியிருக்கிறது. நேற்று ஒரு பெண் ரஸ்போரா தலைகீழாகத் திரும்பி, கிரிப்டோகோரைன் இலையின் அடிப்பக்கத்தில் வயிற்றை உரசிக்கொண்டிருந்தது. அவை முட்டையை அங்கேதான் ஒட்டும். விளக்கு வெளிச்சத்தில் இலையை நெடுநேரம் பார்த்தேன். இன்னும் ஒன்றும் தெரியவில்லை.