மாமனாருடைய பாட்டியின் ஊர்

ஜூன் 9, 2025, திங்கள்

நேப்பிள்ஸில் இறங்கி, வாடகைக் காரில் மலைகளைக் கடந்து, மாலையில் ரொசெட்டோ வல்ஃபோர்த்தோரே வந்து சேர்ந்தோம். இத்தாலியில், புலியா மாநிலத்தின் ஃபோஜா மாவட்டத்தில் உள்ள சிற்றூர் இது. முகடுகளெங்கும் காற்றாலைகள், சரிவுகளில் அறுவடைக்குக் காத்திருக்கும் கோதுமை.

1882இல் இவ்வூரிலிருந்து 11 பேர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் சிலருக்குப் பென்சில்வேனியாவின் பேங்கர் நகரை ஒட்டிய ஸ்லேட் கல் குவாரிகளில் வேலை கிடைத்தது. பின்னாலேயே உறவும் சுற்றமும் கிளம்பிப் போய், அங்கே எழுந்த குடியிருப்புக்கும் ரொசெட்டோ என்றே பெயர் வைத்தார்கள். 1912இல் அது தனி நகராட்சியானது. என் மாமனார் பிறந்தது அந்த ரொசெட்டோவில்தான். அவருடைய தாத்தாவும் பாட்டியும் பிறந்தது இந்த ரொசெட்டோவில்.

ஜூன் 10, செவ்வாய்

முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம் என்பதில் மாமனார் பிடிவாதமாக இருந்தார். பீங்கானில் பதித்த ஒளிப்படங்களோடு வரிசை வரிசையாகக் கல்லறைகள். எங்கள் குடும்பப் பெயரும் அவற்றில் பல இடங்களில் இருந்தது. ஆனால் எல்லாம் அண்மைக் காலத்தவை. இத்தாலியில் கல்லறை இடம் பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கே தரப்படுகிறது. தவணை முடிந்து புதுப்பிக்க ஆளில்லையென்றால், எலும்புகளை எடுத்துப் பொது எலும்புக்கூடத்தில் சேர்த்துவிடுகிறார்கள். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்ட குடும்பத்துக்குப் புதுப்பிக்க யார் இருந்திருப்பார்கள்? மாமனார் அதன்பிறகு அதிகம் பேசவில்லை.

ஜூன் 11, புதன்

நகராட்சி அலுவலகத்தில் கழிந்த காலைப்பொழுதே இந்தப் பயணத்தின் சாரம் என்பேன். இவ்வூர் அப்போது சேர்ந்திருந்த நேப்பிள்ஸ் அரசில் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1809இல், பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசே பதிவு செய்யும் முறை தொடங்கியது. அதனால் எளிய உழவர் குடும்பத்துக்கும் இங்கே எழுத்தில் வரலாறு உண்டு.

எங்கள் வீட்டில் மாமனாரின் பாட்டியை அவருடைய கணவரின் குடும்பப் பெயரோடுதான் அறிவார்கள். பென்சில்வேனியாவில் உள்ள அவருடைய கல்லறையிலும் அப்படித்தான் பொறித்திருக்கிறது. இங்கோ பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பெயரே கடைசிவரை நிற்கும். 1906ஆம் ஆண்டின் திருமணப் பதிவில் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர், அவருடைய பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் என ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டே போனது. கல்லறைத் தோட்டத்தில் எங்கள் பெயரைத் தாங்கியிருந்தவர்கள் நெருங்கிய உறவே அல்லர் என்பதும், அந்தப் பெயர் ஊரில் பல வீடுகளுக்குப் பொது என்பதும் அங்கேதான் தெளிவாயிற்று.

அமெரிக்காவுக்குக் குடிபெயர்வோரைச் சோதித்து அனுமதித்த நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் ஓர் அதிகாரி எங்கள் பெயரின் எழுத்தை மாற்றிவிட்டார் என்று சின்ன மாமனார் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார். ஆனால் பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. தீவில் அதைச் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான். இவ்வூர்ப் பதிவேட்டிலேயே அந்தப் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதைக் காட்டியபோதும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜூன் 12, வியாழன்

பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்ட எழுத்தர், அவருடைய தம்பியின் பேத்தி இன்னமும் மேல்தெருவில் இருப்பதாகச் சொல்லி, தாமே அழைத்துச் சென்றார். எண்பது வயதைக் கடந்த அம்மையார். மாமனார் வீட்டில் கற்ற பழைய வட்டார மொழியைக் கேட்டு இளைஞரான எழுத்தருக்குச் சிரிப்பு வந்தது. அம்மையாரோ தங்குதடையின்றிப் பதில் சொன்னார். அவர் வீட்டின் மாடியே பாட்டி அனுப்பிய டாலரில் கட்டியதாம். தாத்தா வழி வீடு எப்போதோ விற்றுப்போயிற்று.

காய்ந்த ரொட்டியைக் கீரையோடும் உருளைக்கிழங்கோடும் வேகவைத்த பன்கோத்தோவைப் பரிமாறினார். ரொசெட்டோக்காரர்களுக்கு நெஞ்சுவலி வராததற்கு இந்த உணவே காரணம் என்றார் சின்ன மாமனார். பென்சில்வேனிய ரொசெட்டோவில் மாரடைப்புச் சாவு அண்டை ஊர்களைவிடக் குறைவாக இருந்ததை 1960களில் ஆராய்ந்தவர்கள் சொன்னது வேறு: அங்குள்ளவர்கள் பன்றிக் கொழுப்பில்தான் சமைத்தார்கள், காரணம் குடும்பங்களின் நெருக்கம் என்பது அவர்கள் முடிவு. அந்த வேறுபாடும் பின்னாளில் மறைந்துவிட்டது. நான் வாதிடவில்லை, பன்கோத்தோ மிக நன்றாக இருந்தது.

என் கணவருக்கு வம்சாவளியைக் காட்டி இத்தாலியக் குடியுரிமை பெறும் ஆசை இருந்தது. இவ்வாண்டு வந்த சட்டம் அந்த உரிமையைப் பெற்றோர், தாத்தா பாட்டி என்ற அளவோடு நிறுத்திவிட்டதால், கொள்ளுத்தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ் இனி அதற்கு உதவாது. ஆயினும் நாத்தனார் அதன் நகலை வாங்கிக்கொண்டார். அடுத்து லுச்சேரா நகரின் ஆவணக் காப்பகத்தில் பாட்டியுடைய தாயாரின் வழியைத் தேடலாம் என்று திட்டமிட்டிருக்கிறோம். சின்ன மாமனார் மட்டும் கடற்கரைக்குப் போவதாகச் சொல்லிவிட்டார்.